அறிக்கையில் ‘சல்மோனெல்லா’ என்று இருந்தால்: பெயரை வாசிக்கும் முறையும் வீட்டில் செய்ய வேண்டியவையும்

கொழும்பில் வயிற்றோட்டத்துக்காக வைத்தியசாலையில் இரண்டு நாள் தங்கி வீடு திரும்புபவரின் கையில் வழக்கமாக இரண்டு கடதாசிகள் இருக்கும். ஒன்று ‘டயக்னோசிஸ் கார்ட்’ என்று நாம் எல்லோரும் சொல்லும் நோயறி அட்டை. மற்றது ஆய்வுகூட அறிக்கை. அவற்றில் உள்ள பெயரை வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டினாலும் அவருக்கும் விளங்குவதில்லை. ஏனெனில் அது ஆங்கிலமன்று, பாதி இலத்தீன், பாதி கிரேக்கம், நடுவில் ஓர் அமெரிக்கரின் குடும்பப் பெயர். விளங்காத பெயரை ஒதுக்கிவிட்டு ‘உணவு நஞ்சாகிவிட்டது’ என்ற பொதுச் சொல்லோடு நாம் திருப்தியடைந்து விடுகிறோம். ஆனால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம், எந்த உணவைச் சந்தேகிக்க வேண்டும், யார் எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி பெயரிலிருந்தே தொடங்குகிறது.

பெயரைப் பிரித்து வாசித்தல்

நோயின் மருத்துவப் பெயர் சல்மோனெல்லோசிஸ். அதை உண்டாக்கும் பக்டீரியாவின் பெயர் சல்மோனெல்லா. இறுதியில் வரும் ‘ஓசிஸ்’ என்பது நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. ஆகவே ‘சல்மோனெல்லாவால் உண்டான நோய்நிலை’ என்பதே சொல்லின் முழுப்பொருள். டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை வைத்தியரின் பெயரிலிருந்து இது வந்தது. 1885ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுகூடத்தில், பன்றிகளை வாட்டிய ஒரு நோயைத் தேடும்போது, இந்தக் கிருமியை உண்மையில் பிரித்தெடுத்தவர் அவரின் கீழ்ப் பணியாற்றிய தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் ஆய்வாளர். 1900ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் லின்யேர் பெயர் சூட்டியபோது தலைவரின் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் தேடிய பன்றிநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது பின்னர்தான் தெரிய வந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. நம் ஊரில் டின் மீனைச் ‘சமன்’ (சால்மன் என்ற மீனின் பெயர் திரிந்தது) என்று சொல்லிப் பழகியவர்கள், ‘சல்மோனெல்லா’ என்று கேட்டவுடன் அது டின் மீனால் வருகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மீனுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டின்னில் அடைக்கப்படும் மீன் மூடிய பின்னர் 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பதப்படுத்தப்படுவதால், திறந்த பிறகு நாம் வெளியில் வைத்துப் பழுதாக்கினால் தவிர, அது இந்தக் கிருமிக்கு உகந்த இடமன்று.

ஆய்வுகூட அறிக்கையில் பெயர் இன்னும் நீளமாக வரலாம். ‘சல்மோனெல்லா என்டரிக்கா, செரோவார் என்டரிடிடிஸ்’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. முதற்சொல் பேரினம். இரண்டாவது சிற்றினம், ‘குடல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. மனிதருக்கு நோய் தருபவற்றில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. மூன்றாவதாக வருவது அந்தச் சிற்றினத்துக்குள் உள்ள உள்வகை. கிருமியின் மேற்பரப்பிலும் நகர்விழைகளிலும் உள்ள பொருட்களை வைத்துப் பிரிக்கப்படும் இத்தகைய உள்வகைகள் 2,500க்கும் அதிகம். முதன்முதலில் கண்டறியப்பட்ட ஊரின் பெயரை வைப்பது நீண்டகால வழக்கமாக இருந்ததால் டப்ளின், ஹைடல்பேர்க், மொன்டிவிடியோ என்று உலகப்படத்தின் ஊர்கள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் அறிக்கையில் ஓர் ஊரின் பெயர் இருந்தால், கிருமி அந்த ஊரிலிருந்து வந்தது என்று பொருளல்ல.

உலகெங்கும் உணவு வழியாக அதிகம் பரவும் உள்வகைகள் இரண்டு. என்டரிடிடிஸ் என்பது முட்டையோடும் கோழியோடும் நெருங்கிய உறவுடையது. டைபிமியூரியம் என்பதன் பொருள் ‘எலிகளின் டைபாய்டு’. எலிகளில் டைபாய்டு போன்ற நோயை உண்டாக்குவதால் அந்தப் பெயர் வந்தது. இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ‘டைபி’ என்ற எழுத்துகளைக் கண்டதும் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, என்று வீடு முழுவதும் கலங்கிவிடுகிறது. நெருப்புக் காய்ச்சலை உண்டாக்குவது சல்மோனெல்லா டைபி; அது மனிதரிடத்தில் மட்டுமே வாழ்வது, குருதியில் பரவி வாரக்கணக்கில் காய்ச்சலைத் தருவது, நுண்ணுயிர்க்கொல்லி கட்டாயமாகத் தேவைப்படுவது. பாராடைபி வகைகளும் அதே குடும்பம். டைபிமியூரியமோ விலங்குகளிலும் வாழ்ந்து, பெரும்பாலும் குடலோடு நின்று, சில நாட்களில் தானாகவே தணிவது. ‘டைபி’ என்பதற்குப் பின்னால் வேறெதுவும் இல்லையா, அல்லது ‘மியூரியம்’ என்று நீள்கிறதா என்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இந்த ஒரு சொற்பகுதி சிகிச்சையையே மாற்றிவிடுகிறது.

நோயறி அட்டையில் பக்டீரியாவின் பெயரே இல்லாமல் ‘ஏ.ஜி.ஈ.’ என்று மூன்று எழுத்துகள் மட்டும் இருப்பதும் உண்டு. இரைப்பையிலும் குடலிலும் திடீரென ஏற்பட்ட அழற்சி என்பதன் சுருக்கம் அது. காரணம் எந்தக் கிருமி என்று அது சொல்லவில்லை. சில அட்டைகளில் சர்வதேச நோய் வகைப்பாட்டின் குறியீடு இருக்கும். பத்தாவது பதிப்பின்படி ஏ02 என்று தொடங்கினால் சல்மோனெல்லா, அதிலும் ஏ02.0 என்பது குடலோடு நின்ற தொற்று, ஏ02.1 என்பது குருதியில் பரவிய தொற்று. ஏ01 என்பது நெருப்புக் காய்ச்சலும் அதன் இனமும். ஏ09 என்றால் கிருமி இன்னதென்று தீர்மானிக்கப்படாத வயிற்றோட்டம்.

மலத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையே, அதாவது ‘ஸ்டூல் கல்ச்சர்’ என்பதே, இந்த நோயை உறுதிப்படுத்தும் வழக்கமான வழி. அதற்கு இரண்டு மூன்று நாட்கள் செல்லும் என்பதால் முடிவு வரும்போது நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார். ‘சல்மோனெல்லா, ஷிகெல்லா வளரவில்லை’ என்று அறிக்கை சொன்னால் அந்த இரண்டு பக்டீரியாக்களும் அகப்படவில்லை என்பதுதான் பொருள். நோயே இல்லை என்பதல்ல. நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கிய பிறகு மாதிரி கொடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஆகவே மாதிரியை முதலிலேயே, சுத்தமான போத்தலில், சிறுநீர் கலக்காமல் எடுத்து, தாமதிக்காமல் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது நல்லது. கிருமி வளர்ந்திருந்தால் அறிக்கையின் கீழ்ப்பகுதியில் மருந்துகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடியும், ஆர் என்றால் மடியாது, ஐ என்றால் இடைநிலை. எஸ் என்று இருப்பதாலேயே அந்த மருந்தை வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம். ‘விடால்’ என்ற குருதிப் பரிசோதனை நெருப்புக் காய்ச்சலுக்காக ஏற்பட்டது; வயிற்றோட்டத்துக்கு அதைச் செய்து பார்ப்பதால் பணம் செலவாகுமே தவிரப் பயன் இல்லை.

மணிக்கணக்கைப் பின்னோக்கி எண்ணுதல்

வயிறு கலங்கியதும் கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றஞ்சாட்டுவது மனித இயல்பு. சல்மோனெல்லாவைப் பொறுத்தவரை இந்த இயல்பு பெரும்பாலும் பிழையான இடத்துக்கே நம்மைக் கொண்டு போகும். கிருமி உள்ளே போன நேரத்துக்கும் முதல் வயிற்று முறுக்குக்கும் இடையிலுள்ள நோயரும்பு காலம் 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்கள் வரை செல்லலாம். பெரும்பாலானோருக்கு 12 முதல் 72 மணி நேரத்துக்குள் அமையும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சத்தி எடுத்தால் அது சல்மோனெல்லாவாக இருப்பது அரிது. அத்தகைய வேகம், உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடும் வேறு பக்டீரியாக்களின் அடையாளம். வெளியில் நெடுநேரம் இருந்த பொரித்த சோற்றால் வரும் உபாதை அந்த வகையைச் சேர்ந்தது. மறுபக்கம், கோழி இறைச்சியால் வரும் இன்னொரு பிரபலமான கிருமியான கம்பைலோபக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் உறவினர் வீடொன்றில் நடந்ததை இங்கே சொல்லலாம். சனிக்கிழமை மாலை பிறந்தநாள் விழா. ஞாயிறு இரவு கடையில் வாங்கிய கொத்துரொட்டி. திங்கள் அதிகாலை நால்வருக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும். வீட்டார் நேராகக் கொத்துக் கடைக்குச் சென்று சண்டையிட்டுவிட்டு வந்தார்கள். பிறகு ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தபோதுதான், நோய்வாய்ப்பட்ட நால்வரில் இருவர் கொத்தைத் தொடவே இல்லை என்பதும், நால்வருமே சனிக்கிழமை விழாவில் பச்சை முட்டையில் வீட்டிலேயே அடித்த மயோனிஸ் பூசிய கோழி சாண்ட்விச் சாப்பிட்டிருந்தார்கள் என்பதும், அதைச் சாப்பிடாத பாட்டி நலமாக இருக்கிறார் என்பதும் தெரிய வந்தது. ஏறக்குறைய 34 மணி நேர இடைவெளி. யாரும் உணவைப் பரிசோதிக்கவில்லை. ஆகவே சாண்ட்விச்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆயினும் கொத்துக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர் எவருமில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். முதல் அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மூன்று முழு நாட்கள் பின்னோக்கிச் சென்று, என்ன சாப்பிட்டார்கள், எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். நோயுற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டதும் நலமாக இருப்பவர்கள் சாப்பிடாததுமான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மணமும் சுவையும் நன்றாக இருந்தன என்பதால் எதையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். சல்மோனெல்லா இருக்கும் உணவு பார்வையிலும் மணத்திலும் சுவையிலும் மாறுவதில்லை. இந்தக் கடதாசி வைத்தியருக்கும், தேவைப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஆவணம்.

இலங்கையில் உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் ஆகியவை வைத்தியர்கள் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளன. அதற்கான சட்ட அடிப்படை 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அறிவித்தல் உங்கள் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்லும். அங்கிருந்து பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம். அவர் வருவதை மானக்கேடாகக் கருதி, ‘வெளியில் ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று கதவருகிலேயே அனுப்பிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கடையில் சாப்பிட்ட பத்துப் பேர் பத்து வீடுகளில் தனித்தனியாகப் படுத்திருக்கும்போது, அவர்களை ஒன்றாக இணைத்துப் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவரே.

நோய் நாட்களில்

சாதாரணமாக இந்த நோய் வயிற்றோட்டம், காய்ச்சல், வயிற்று முறுக்கு, சில வேளைகளில் சத்தி, தலையிடி என்று தொடங்கி 4 முதல் 7 நாட்களில் தணிந்துவிடும். உடலுக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் நீரும் உப்பும் வெளியேறுவதால் வருகிறது. ஆகவே முதல் மருந்து ஜீவனி, அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய நீரில் கரைத்துக் குடிக்கும் தூள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். சிக்கனம் கருதி ஒரு கோப்பை நீரில் கால் பைக்கற்றைக் கண்மட்டமாகக் கொட்டுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. உப்பு கூடினால் நிலைமை மோசமாகும், குறைந்தால் பயன் இல்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை வயிறு போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர், பெரியவர்களுக்கு விரும்பிய அளவு. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் மெல்ல மெல்லத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

நள்ளிரவில் ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது. தம்பிலி, அதாவது செவ்விளநீர், பொட்டாசியம் நிறைந்தது. ஆனால் வயிற்றோட்டத்தில் அதிகம் இழக்கப்படும் சோடியம் அதில் குறைவு என்பதால் அதைத் துணையாகக் கொள்ளலாம், ஜீவனிக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. சோடாவும் இனிப்புப் பானங்களும் சீனி மிகுதியால் வயிற்றோட்டத்தைக் கூட்டக்கூடும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். கொழும்பில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்குக் காய்ச்சலும் சத்தியோடும் வயிற்றுவலியோடும் வரலாம். அந்த வேளையில் ஐபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் போன்றவை குருதிக்கசிவை ஏற்படுத்தி உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றோட்டம் இருப்பதால் டெங்கு இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாமல், காய்ச்சல் தொடர்ந்தால் வைத்தியரின் ஆலோசனைப்படி குருதி எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டத்தை உடனே கட்டும் லோபரமைட் போன்ற மாத்திரைகளைக் குழந்தைகளுக்கும், காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது நுண்ணுயிர்க்கொல்லி. பாமசியில் கேட்டு சிப்ரோபுளொக்சசின் வாங்கி இரண்டு நாள் விழுங்கும் பழக்கத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். குடலோடு நின்ற சாதாரண சல்மோனெல்லோசிஸில் இம்மருந்துகள் நோய் நாட்களைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. மாறாக, குணமான பிறகு கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் காலத்தை நீட்டலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கலாம். விதிவிலக்குகள் உண்டு: மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுக்கள், முதியவர்கள், புற்றுநோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ மருந்தெடுத்து நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள், கிருமி குருதிக்குள் சென்றுவிட்டவர்கள். இவர்களுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அப்போதுதான் அந்த எஸ், ஐ, ஆர் எழுத்துகளுக்கு வேலை.

மலத்தில் இரத்தம், 39 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், எதைக் குடித்தாலும் தங்காத சத்தி, ஆறு மணி நேரத்துக்கு மேலாகச் சிறுநீர் போகாமை, மூன்று நாள் கடந்தும் குறையாத வயிற்றோட்டம், தூக்கமயக்கம், குழந்தையின் குழி விழுந்த கண்கள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சிசுக்களும் முதியவர்களும் இவை தோன்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எழுந்து நடக்க முடியாத நிலையென்றால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். குழந்தையென்றால் பொரளையில் உள்ள லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. வயிற்றெரிவுக்கு ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் எடுப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரைப்பை அமிலம் இந்தக் கிருமிக்கு எதிரான முதற்காவல் என்பதால், அமிலம் குறைந்தவர்களுக்குக் குறைந்த அளவு கிருமியே நோய் தரப் போதும்.

சமையலறையில்

சல்மோனெல்லா ஏறக்குறைய 5 பாகைக்கு மேல் பெருகத் தொடங்குகிறது. நம் உடல் வெப்பநிலையை ஒட்டிய சூட்டில் மிக விரைவாகப் பெருகுகிறது. உகந்த நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டித்தால், ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். 7 மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும். கொழும்பின் பகல் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்பதால், சமைத்த உணவை வெளியில் வைக்கலாம் என்று சொல்லப்படும் இரண்டு மணி நேரக் கணக்கு நமக்குத் தாராளமானது. 32 பாகையைக் கடந்த நாளில் ஒரு மணி நேரமே எல்லை. காலை பத்து மணிக்குக் கட்டி, அலுவலக மேசையில் இரண்டு மணி வரை இருக்கும் கோழிக்கறிச் சோற்றுப் பார்சலை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கின் இளஞ்சூட்டில் இருக்கும் முட்டை ரோல்ஸும் கோழிப் பட்டீஸும் அப்படியே: கை பொறுக்காத சூட்டில் இருந்தால் வாங்குங்கள், இளஞ்சூடாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெப்பம் இந்தக் கிருமியை எளிதில் கொல்லும். உணவின் நடுப்பகுதி 70 பாகையைத் தாண்ட வேண்டும். கோழிக்கு 74 பாகை என்று கொள்வது பாதுகாப்பு. வெப்பமானி இல்லாத வீட்டில் தொடையெலும்பை ஒட்டிய தசையில் இளஞ்சிவப்பு இல்லாமலும், குத்தினால் வரும் நீர் தெளிவாகவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். நம் கோழிக்கறி நெடுநேரம் கொதிப்பதால் கறியில் பெரும்பாலும் பிழை வருவதில்லை. பிழை வருவது கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்புதான். மஞ்சள்தூளும் தேசிக்காயும் போட்டுக் குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், பக்கத்தில் இருக்கும் கோப்பைகளிலும் சலாதுக்கு வெட்டி வைத்த வெள்ளரிக்காயிலும் கிருமியைப் பரப்புகிறது. கழுவுவதால் கோழியில் உள்ள கிருமி ஒழிவதில்லை. அதை ஒழிப்பது அடுப்பு. இந்தப் பழக்கத்தை விடச் சொன்னால் அம்மாமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். விட முடியாதவர்கள் குழாயைத் திறந்து வைத்துக் கழுவாமல், பாத்திரத்தில் நீர் எடுத்து மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். கோழி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் வெங்காயம் வெட்ட வேண்டாம். உறைந்த கோழியைக் காலையில் குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல், முந்தைய இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவே.

முட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடு சுத்தமாகவும் உடையாமலும் இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம். என்டரிடிடிஸ் வகை கோழியின் சூலகத்திலேயே குடியேறி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடக் கூடியது. எல்லா முட்டையிலும் இப்படி இல்லை, அரிதுதான். ஆனால் எந்த முட்டையில் என்பது வெளியே தெரிவதில்லை. நம் மரபில் பச்சை முட்டைக்கு ஒரு மதிப்பான இடம் உண்டு: பெரியபிள்ளையான சிறுமிக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை, பிள்ளை பெற்றவளுக்கும் நோயிலிருந்து எழுந்தவருக்கும் முட்டைக் கோப்பி. அன்போடு செய்யப்படும் இந்த ஊட்டங்கள், உடல் தளர்ந்திருக்கும் ஒருவருக்கே இந்த ஆபத்தைக் கொண்டு வருகின்றன. அடித்த முட்டையின் மேல் கோப்பியை ஊற்றுவதால் மட்டும் முட்டை வேகாது. அதே முட்டையை நல்லெண்ணெயில் நன்றாகப் பொரித்தோ அவித்தோ கொடுத்தால் மரபும் கெடாது, சத்தும் குறையாது. முட்டை அப்பத்தில் மஞ்சட்கரு தளும்ப வேண்டும் என்பது எனக்கும் விருப்பமானதே. வீட்டில் சிசுவோ கர்ப்பிணியோ முதியவரோ இருந்தால் அவர்களுடைய அப்பத்தை மட்டுமாவது மூடி வைத்து மஞ்சட்கரு இறுகும் வரை விடுங்கள்.

கோழியும் முட்டையும் மட்டுமல்ல. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பச்சை முட்டைக் கலவை ஏற்றி வந்த தாங்கியிலேயே ஐஸ்கிறீம் கலவையையும் ஏற்றியதால் ஏறக்குறைய 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு: 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற உலர்ந்த தேங்காய்த் துருவலில் சல்மோனெல்லா கண்டறியப்பட்டது. உலர்ந்த உணவில் இந்தக் கிருமி பெருகுவதில்லை என்றாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வேகாமல் உண்ணும் வல்லாரைச் சம்பலுக்குக் கீரையைப் பலமுறை நீர் மாற்றி அலசுங்கள்; அரைமணி நேரத்துக்குள் உண்டு முடியுங்கள். தேசிப்புளி கிருமியை நிச்சயமாகக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

பல்லியை மறந்துவிடக் கூடாது. ஊர்வனவற்றின் குடலில் சல்மோனெல்லா இயல்பாகவே வாழ்கிறது. கொழும்பில் பல்லி இல்லாத குசினி உண்டா என்று கேட்டால் நானும் பதில் சொல்லமாட்டேன். அதன் எச்சம் விழாதபடி சோற்றுப் பானையையும் குடிநீர்ப் பாத்திரத்தையும் மூடி வைப்பதே செய்யக்கூடியது. குழந்தைகளுக்காகத் தொட்டியில் ஆமைக்குஞ்சு வளர்ப்பவர்கள் அந்தத் தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்தில் சுத்தம் செய்யக் கூடாது. சிறிய ஆமைகளின் விற்பனையை 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா தடைசெய்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

மின்வெட்டு நேரத்தில் பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் உள்ளே 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம் வரை, பாதி நிரம்பியது 24 மணி நேரம் வரை தாங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் எத்தனை வீடுகளில் முந்தைய நாள் கோழிக்கறி மீண்டும் சூடாகி மேசைக்கு வந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

குணமான பிறகு

வயிற்றோட்டம் நின்றவுடன் கிருமி போய்விடுவதில்லை. பல வாரங்கள் வரை அது மலத்தில் வெளியேறலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் இன்னும் நீளலாம். ஆகவே மலசலகூடத்துக்குப் பின்னும் குழந்தையின் நப்கின் மாற்றிய பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது இந்தக் காலத்தில் இரட்டிப்பு முக்கியம். நோயிலிருந்து எழுந்தவர் குறைந்தது இரண்டு நாள் வயிறு சாதாரணமாக இருக்கும் வரை வீட்டாருக்குச் சமைக்க வேண்டாம். சாப்பாட்டுக் கடையிலோ சிறுவர் பராமரிப்பு நிலையத்திலோ வைத்தியசாலையிலோ பணிபுரிபவர், வேலைக்குத் திரும்பும் நாளை வைத்தியரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நோயறி அட்டையை எறிந்துவிடாமல் கோவையில் வையுங்கள். சிலருக்கு நோய் தீர்ந்து ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் முழங்காலோ கணுக்காலோ வீங்கி வலிக்கலாம். கண் சிவக்கலாம், சிறுநீர் எரியலாம். இது கிருமிக்கு எதிராக எழுந்த உடலின் எதிர்வினை மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. அப்போது பார்க்கும் வைத்தியர் வேறொருவராக இருப்பார். மூட்டுவலிக்கும் சென்ற மாத வயிற்றோட்டத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று நோயாளிக்கே தோன்றாது. அட்டையில் உள்ள அந்த நீண்ட பெயரை அவரிடம் காட்டுங்கள்.